தர்ஷினி பேரைப் பாடிய குரல்

பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. வடக்கனந்தல் கடைத்தெருவில் அவன் வயதுக்காரர்கள் பாதிப்பேர் மாத்திரை டப்பாவோடு அலையும்போது இவன் மட்டும் காலையிலேயே பூரியும் அதன் மேல் இரண்டு வடையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு கடை திறப்பான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி ஆதிமூலம். அந்தப் பேரை யாராவது சொன்னால் போதும், அடிவயிறு காந்தும். நல்லபடியாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காந்தும்.

கடை போர்டில் செல்போன் சர்வீஸ் என்றுதான் எழுதியிருந்தது. ரீசார்ஜ் செய்வான், சார்ஜர் விற்பான், உடைந்த கண்ணாடியை மாற்றித் தருவான். ஆனால் அந்தக் கடைக்குச் சோறு போட்டது கார்டு ஏற்றும் வேலை. கல்வராயன் மலையில் பல ஊர்களில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஒரு படத்தை இறக்க உட்கார்ந்தால் பாட்டரி தீருமே தவிரப் படம் வந்து சேராது. அதனால் மரவள்ளிக் கிழங்கோ புளியோ கொண்டுவந்து போட்டுவிட்டு, மெமரி கார்டைப் பொன்னுரங்கம் கையில் கொடுத்துவிட்டு, மளிகை வாங்கப் போவார்கள். திரும்பி வரும்போது கார்டு நிறையப் படமும் பாட்டும் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வந்த படம் ஞாயிற்றுக்கிழமை இவன் கம்ப்யூட்டரில் இருக்கும். எந்த ஊர்த் தியேட்டரிலோ எவனோ ஒளித்துவைத்து எடுத்தது. நடுவில் ஒரு ஆள் எழுந்து பாத்ரூம் போவதும், திரும்பி வந்து இடம் தெரியாமல் தடவுவதும் படத்தோடு சேர்ந்தே வரும். வாங்குகிறவர்கள் அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

“நா இன்னா படத்துக்கா காசு வாங்கறேன்? ஏத்தற கூலிக்கு வாங்கறேன்” என்பான் பொன்னுரங்கம். இதை அவன் சமாளிப்புக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினான். பாட்டும் படமும் அவனுக்கு மழைத் தண்ணீர் மாதிரி. குடத்தில் பிடித்துத் தருகிறவன் கூலி கேட்கலாம், மேகம் கேட்கலாமா?

அவன் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. யாருடைய கார்டு கைக்கு வந்தாலும், முதலில் அதில் இருப்பதை உருவித் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வான். ஒருத்தர் கார்டில் வந்தது அடுத்தவர் கார்டில் ஏறும். முதல் போடாத முதல் அது.

இனி ஆதிமூலத்துக்கு வருவோம். இளவயதில் இரண்டு பேரும் ஒரே பாட்டுக் கச்சேரி கோஷ்டியில் இருந்தவர்கள். பொன்னுரங்கம்தான் பாடகன். திருநாவலூர் வரைக்கும் போய்த் திருவிழா மேடைகளில் பாடியிருக்கிறான். அவன் ஒரு சங்கதியைச் சுழற்றி இறக்கினால் கூட்டத்தில் விசில் பறக்கும். ஆதிமூலம் ரிதம் பேட் அடிப்பான், கச்சேரி முடிந்தால் ஒயர் சுருட்டுவான். எப்போதாவது ஆள் வராத நாளில் அவனும் ஒரு பாட்டுப் பாடுவான். குரல் மோசம் என்று சொல்ல முடியாது. கூட்டம் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் சவுண்ட் சர்வீஸ்காரனே கம்ப்யூட்டரில் பாட்டுப் போட ஆரம்பித்ததும், கச்சேரிக்கு யார் காசு கொடுப்பார்கள்? கோஷ்டி கலைந்தது. பொன்னுரங்கம் அன்றோடு வாயைக் கட்டிவிட்டான். கூப்பிட ஆளில்லாத பாட்டை எதற்குப் பாடுவது என்கிற வீம்பு. குளிக்கும்போதுகூட ஒரு முனகல் கிடையாது. அதற்குப் பிறகு கட்டிக்கொண்டு வந்த ராதிகா, தன் புருஷன் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. கச்சேரியில் இருந்தாராம் என்று தெரியும். மேளமோ தாளமோ அடித்திருப்பார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இவனும் திருத்தவில்லை.

ஆதிமூலம் மட்டும் விடவில்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி மாரியம்மன் பாட்டு சிடி ஒன்று போட்டான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று நாற்பது ரூபாய்க்கு விற்றான். பொன்னுரங்கம் ஒன்று வாங்கினான். அந்த ஒன்று போதுமே! ஆடி மாதம் முடிவதற்குள் மலையிலும் கீழேயும் அவன் கடைக்கு வந்த எல்லாக் கார்டிலும் அந்தப் பாட்டு ஏறிவிட்டது. கோயிலுக்குக் கோயில் ஆதிமூலம் பாட்டு. ஆனால் சிடி வாங்கத்தான் ஆளில்லை.

“ஊரெல்லாம் உன் பாட்டுதாண்டா. உனக்கு நா பண்ண வெளம்பரம் எவன் பண்ணுவான்?” என்று பொன்னுரங்கம் அவன் முதுகில் தட்டினான். ஆதிமூலம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

விற்காத சிடிகளைக் கடைசியில் யாரோ மக்காச்சோளக் கொல்லையில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டார்கள். வெயில் பட்டு அவை மின்னியதைப் பொன்னுரங்கம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தான். சந்தோஷமாக இருந்தது. ஒயர் சுருட்டியவன் ஒயர் சுருட்டியவனாகவே இருப்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி. அதோடு ஆதிமூலம் ஒழிந்தான் என்று நினைத்தான்.

ஆதிமூலமா ஒழிகிறவன்? கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆகி, ஆபீஸும் கோர்ட்டும் வந்து, ஊரில் காசு புரள ஆரம்பித்த சமயத்தில், ஒரு ஜவுளிக் கடை மாடியில் அறை பிடித்துச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, பாட்டு ரெக்கார்டிங் செய்ய உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் விற்றது பேர் பாட்டு.

பெண் வயசுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு விழா வைப்பார்கள். தாய்மாமன் சீர் கொண்டு வருவான். தட்டுத் தட்டாகப் புடவை, வளையல், பழம், பலகாரம் என்று தெருவை அடைத்துக்கொண்டு ஊர்வலம் வரும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஏதாவது சினிமாப் பாட்டு ஓடும். ஆதிமூலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். மாமன் சீர் வருவதைப் பற்றி ஒரு பாட்டு, அதில் பெண்ணின் பேர், மாமன்மார்களின் பேர். விலை பாட்டுக்கு இல்லை, பேருக்கு. ஒரு பேருக்கு இருநூறு ரூபாய். எந்த மாமன் தன் பேர் ஸ்பீக்கரில் வருவதை வேண்டாம் என்பான்? ஒரு வீட்டில் இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்துச் சின்ன மாமன் பேரை விட்டுவிட்டார்கள். அந்த ஆள் பாட்டைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, தான் கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் பேரை விடுவதில்லை.

பொன்னுரங்கத்துக்கு இது முதலில் புரியவே இல்லை. பாட்டுக்குக் காசா? அதுவும் சடையன் போன்ற ஆள் கொடுக்கிறானா?

சடையன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். கார்டு நிறையப் படம் ஏற்றிவிட்டு, கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பஸ் ஹாரன் அடிக்கும்வரை நிற்பான். அவன் ஒருநாள் கார்டைக் கொடுத்துவிட்டு, “பாத்துணா, அதுல ஆதிமூலம் பாட்டு ஒண்ணு இருக்குது. அழிச்சிறாத” என்றான்.

“காசு குடுத்தா வாங்கின?”

“பின்ன? நாலு பேரு போட்டுச்சி. எண்ணூறு.”

“ஏன்டா, முழுசா மூணு மணி நேரப் படத்த ஏத்திக் குடுத்தா எங்கிட்ட பத்து ரூபாய்க்கு மல்லு கட்டுற. அவன் மூணு நிமிசம் கத்துனதுக்கு எண்ணூறா?”

சடையனுக்குக் கோபம் வரவில்லை. “படம் எல்லாருக்கும் இருக்கறதுணா. இந்தப் பக்கம் வாங்கினா இன்னா, அந்தப் பக்கம் வாங்கினா இன்னா. இது எங்க அக்கா பொண்ணுக்குன்னு இருக்கறது. ஆளுக்குப் பாத்து செஞ்சி குடுத்தா குடுக்கத்தான வேணும்?”

அவன் போனதும் பொன்னுரங்கம் வழக்கப்படி கார்டை உருவினான். பாட்டைப் போட்டுக் கேட்டான். கேட்டதும் நெற்றி சுருங்கியது. இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே? போன மாதம் கச்சிராயபாளையத்துக்காரன் ஒருத்தன் கார்டிலிருந்து உருவியதைத் தேடி எடுத்துப் போட்டான். அதே தாளம், அதே வரி, “தட்டு வருது தாம்பாளம் வருது, தடமெல்லாம் மஞ்ச மணக்குது” என்று அதே இழுப்பு. பேர் வருகிற இடம் மட்டும் வேறு. ஒரே பாட்டை வைத்துக்கொண்டு, பேர் இடத்தில் ஓட்டை விட்டு, வீட்டுக்கு வீடு ஓட்டையை மட்டும் அடைத்துத் தருகிறான்!

“அடப்பாவி, ஒரே துணிய ஊருக்கெல்லாம் விக்கறானே!” என்று பொன்னுரங்கம் தனியாகக் கத்தினான். ஒரே படத்தை ஊருக்கெல்லாம் ஏற்றுகிற தன் கை அந்த நேரம் அவன் கண்ணில் படவில்லை. பொறாமைக்காரனுக்கு அடுத்தவன் கைதான் தெரியும். அவனை ரொம்பச் சுட்டது இன்னொன்று. பாட்டு நன்றாக இருந்தது. மெட்டு கச்சிதமாக இருந்தது. பேர் வரும் இடங்களில் மட்டும் ஆதிமூலம் ரேஷன் கடையில் கார்டைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டிருந்தான். அந்த இடத்தில் நான் பாடியிருந்தால், என்று பொன்னுரங்கம் நினைத்தான். 

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. ராதிகா துணி மடித்துக்கொண்டே தட்டு வருது தாம்பாளம் வருது என்று முனகிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு விசேஷத்தில் கேட்டதாம்.

“அந்த ஆளு இன்னாமா பாடறாரு இல்ல?” என்றாள்.

“மயிரு மாதிரி பாடறான்.”

“உங்களுக்கு ஏன் இப்படி பத்திக்கினு எரியுது? அவரு பேர எடுத்தாலே மூஞ்சி மாறிப்புடுது.”

மகள் தேவதர்ஷினி வயசுக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். விழாவுக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். ராதிகாவின் அண்ணன் வெங்கடேசன் திருநாவலூரிலிருந்து வந்தார். கொஞ்சம் நிலம் வைத்துக் கரும்பு போடுகிறவர், கூடப் பிறந்தவள் என்றால் உயிர். பாயில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

“மாப்ள, சீர் வரும்போது ஆதிமூலம் பாட்டுதான் ஓடணும். தர்ஷினி பேரு, எம்பேரு, தம்பி செழியன் பேரு. எவ்ளோ ஆவுதோ நாந்தான் குடுப்பேன். மாமன் சீருல அதுவும் ஒரு தட்டு.”

பொன்னுரங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டு வாசலில், தன் மகள் பேரை, அந்த ஒயர் சுருட்டி பாடுவதா? அதை இவன் கைகட்டிக் கேட்பதா? வேண்டாம் என்று சொன்னால் ராதிகா சும்மா விடமாட்டாள். நானே பாடுகிறேன் என்று சொல்லவும் முடியாது. மாமன் சீரைப் புகழ்ந்து பெண்ணின் அப்பனே பாடினால் ஊர் சிரிக்கும். சீர் என்றால் அது தாய்வீட்டுக் காசில் வந்திருக்க வேண்டும். ஒரு கணம்தான் யோசித்தான். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நீங்க அலையாதீங்க மச்சான். ஆதிமூலம் எங்கூட ஒண்ணா இருந்தவன். நா சொன்னா பண்ணிக் குடுப்பான்.”

வெங்கடேசன் அங்கேயே பணத்தை எடுத்து நீட்டினார். பொன்னுரங்கம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. அவன் மனசில் ஒரு படமே ஓடிவிட்டது. விழா அன்று பாட்டு ஓடும். பேர் வருகிற இடத்தில் கூட்டம் சொக்கும். ஆஹா ஓஹோ என்பார்கள். அப்போது இவன் மைக்கைப் பிடித்து, பேரைப் பாடியது நான்தான் என்பான். ராதிகா வாயைப் பிளப்பாள். பணத்தைச் சிரித்துக்கொண்டே மச்சான் கையில் திருப்பித் தருவான். ஆதிமூலம் யார் என்று அதன் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இந்தப் படத்தை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தான். இதில் மட்டும் யாரும் எழுந்து பாத்ரூம் போகவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தான். சடையன் பாட்டிலிருந்து பேர்களை வெட்டி எடுத்தான், மிச்சமான நாலாவது பேரின் வரியையே தூக்கிவிட்டான். அந்த ஓட்டைகளில் தன் குரலை வைக்க வேண்டும். இத்தனை வருஷம் கட்டிப்போட்ட தொண்டை முதலில் தவளை மாதிரிக் கத்தியது. இரண்டு நாள் சுக்குத் தண்ணீர் குடித்தான். வெங்கடேசன், செழியன் இரண்டும் சுலபமாக உட்கார்ந்துவிட்டன. தேவதர்ஷினிதான் தொல்லை. ஆதிமூலம் விட்டிருந்த ஓட்டை சின்னப் பேருக்கானது. இந்தப் பேரோ ஒரு முழம் நீளம். அவசரமாகப் பாடினால் பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி இருந்தது. பல தடவை பாடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ‘தேவ’வை மெல்ல எடுத்து, மேலே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, தாளம் விழுகிற இடத்தில் ‘தர்ஷினி’யைச் சுழற்றி இறக்கினான். இறக்கும்போது மகள் கைக்குழந்தையாக இருந்த ஞாபகம் எங்கிருந்தோ வந்து குரலில் ஏறிக்கொண்டது. ஹெட்போனைக் கழற்றினான். கண் கலங்கிவிட்டது. அது மகளுக்காக மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். தன் குரலைத் தானே கேட்டுத் தன்மேலேயே இரக்கம் வந்துவிட்டது அவனுக்கு. பிறகு கொஞ்சம் எக்கோ சேர்த்து, ஆதிமூலத்தின் குரலோடு விளிம்பு தெரியாமல் இழைத்தான். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை.

விழா அன்று தெருவை அடைத்துப் பந்தல். பட்டுப் புடவையில் தேவதர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெரு முனையில் மேளம் கேட்டது. வெங்கடேசன் வேட்டி சட்டையில் முன்னால் வர, பின்னால் தட்டுகள் வரிசையாக வந்தன. சவுண்ட் சர்வீஸ்காரன் பாட்டைப் போட்டான்.

பொன்னுரங்கம் மைக் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.  தட்டு வருது, தாம்பாளம் வருது. வெங்கடேசன் பேர் வந்தது. அவர் மீசையைத் தடவினார். செழியன் பேர் வந்தது. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு அந்த இடம். ‘தேவ’ என்று குரல் மேலே போனதும் பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ‘தர்ஷினி’ சுழன்று இறங்கியபோது கூட்டத்தில் ஒருத்தன் விசில் அடித்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்ட விசில்! தட்டை வாங்க நின்ற ராதிகா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இன்னொரு வாட்டி போடச் சொல்லி யாரோ கத்தினார்கள். மறுபடி ஓடியது.

பாட்டு முடிந்ததும் பொன்னுரங்கம் மைக்குக்குக் கை நீட்டினான். அதற்குள் வெங்கடேசன் எடுத்துவிட்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். எம்மருமவ பேர இவ்ளோ அழகா பாடினவரு நம்ம கூடவே இருக்காரு. நாந்தான் பத்திரிக வச்சி கூப்புட்டேன். ஆதிமூலம் அண்ணே, முன்னாடி வாங்க!”

 கடைசி வரிசை நாற்காலியிலிருந்து ஆதிமூலம் எழுந்தான். வெள்ளைச் சட்டை, கொஞ்சம் தொப்பை, அதே அமைதியான மூஞ்சி. வழியில் இரண்டு பெண்கள் அவனைக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெங்கடேசன் சால்வை போர்த்தினார். கைதட்டல். ராதிகா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். ஆதிமூலம் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு மேசைப் பக்கம் நின்ற பொன்னுரங்கத்தை ஒரு பார்வை பார்த்தான். சிடி விஷயத்தில் பார்த்த அதே பார்வை.

இப்போது சொல்லலாமா? சொன்னால் இது அவன் பாட்டை அறுத்து ஒட்டியது என்று வரும். மச்சானிடம் வாங்கிய பணம் எங்கே என்று வரும். நான் பாடியது என்று எதைச் சொல்ல நினைத்தானோ, அதைச் சொன்னால் திருடியவன் என்றுதான் காதில் விழும். பொன்னுரங்கம் நீட்டிய கையை மடக்கி அக்குளைச் சொறிவது போலப் பாவனை செய்தான்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஆதிமூலம் பக்கத்தில் வந்து நின்றான்.

“பேரு பாடுனது நீ. மிச்சமெல்லாம் நானு” என்றான் குழாயைத் திறந்துகொண்டே.

“தெரிஞ்சிதான் சால்வைய வாங்கிக்கினியா?”

“வாங்காம? இது ஒட்டுப்போட்ட பாட்டுன்னு மைக்குல சொல்லணுமா? உம்பொண்ணு மாலையும் கழுத்துமா ஒக்காந்துக்கினு இருக்குது. உம்மச்சான் அத்தினி பேரு எதிர இன்னா ஆவாரு? சரி, அவருகிட்ட பேருக்கு எவ்ளோ வாங்கின?”

“உன் வெலதான்.”

“கம்மி பண்ணாம வாங்கினியே, அதுவரைக்கும் சந்தோசம்.”

பொன்னுரங்கத்துக்கு மூக்கு விடைத்தது. “நீ மட்டும் யோக்கியனா? ஒரே பாட்டத்தான ஊருக்கெல்லாம் விக்கற?”

“ஆமா, விக்கறேன். பாட்டுக்கு வெல வச்சப்ப நீ சும்மா குடுத்துட்ட. நாப்பது ரூவா ஜாஸ்தியாடா? ஒரு மாசம் ஒக்காந்து எழுதுனது. கிளி வெரட்டப் போச்சி. அப்பால யோசிச்சேன், இவனால சும்மா குடுக்க முடியாதது இன்னா இருக்குதுன்னு. ஒரு வூட்டுப் பேர இன்னொருத்தன் ஏத்திக்கினு போயி இன்னா பண்ணுவான்? அதான் பாட்டோட கூலியத் தூக்கிப் பேரு மேல வச்சேன். ஒன்ன நெனச்சித்தாண்டா இந்தத் தொழிலே கண்டுபுடிச்சேன்.”

  ஆதிமூலம் கையை உதறினான்.

“ஆனா ஒண்ணு. அந்த தேவதர்ஷினிய எடுத்து நிறுத்தி எறக்கின பாரு, அது எனக்கு வராது. இந்த ஜென்மத்துல வராது.”

இதைக் கேட்கத்தான் பொன்னுரங்கம் இத்தனை வருஷம் காத்திருந்தான். கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இதை நாலு பேர் எதிரில் சொல்லேண்டா என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. கதைகளில் என்றால் ஆதிமூலம் சால்வையை எடுத்து இவன் தோளில் போட்டிருப்பான். அவன் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை பந்தல்காரர்கள் வந்து கழியை உருவிக்கொண்டிருந்தார்கள். ராதிகா வாசலில் உட்கார்ந்து சீர்த் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். பக்கத்தில் செல்போனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதையே போட்டாள். பேர் வருகிற இடத்தில் துடைப்பதை நிறுத்தினாள்.

“இன்னாங்க, இந்த எடத்தக் கேளுங்களேன். பெத்த பொண்ணக் கூப்பிடற மாதிரியே கூப்பிடறாரு இல்ல? யாரு பெத்த பொண்ணுக்கோ இப்படி உருகிப் பாடணும்னா அந்த மனுசனுக்கு எவ்ளோ நல்ல மனசு இருக்கணும்!”

பொன்னுரங்கத்தால் அதற்கு மேல் முடியவில்லை. திருடன் பட்டம் வந்தாலும் வரட்டும், மச்சானுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும் என்று ஆகிவிட்டது.

“அத பாடுனது நாந்தாண்டி.”

ராதிகா நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சீக்காளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“உங்க பொறாமைக்கு ஒரு அளவே இல்லியா? கடைசியில அவரு பாடுனதயே நாந்தான்னு சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களா?”

“சத்தியமா நாந்தாண்டி. இந்தா, கேளு.”

பந்தல்காரர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ‘தேவ’வை மெல்ல எடுத்து, மேலே கொண்டுபோய் நிறுத்தி, ‘தர்ஷினி’யைச் சுழற்றி இறக்கினான். எக்கோ இல்லாமல், தாளம் இல்லாமல், கம்ப்யூட்டரில் பாடியதைவிட நன்றாக வந்தது. கழியை உருவிக்கொண்டிருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான். பாடி முடித்துவிட்டுப் பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தான்.

ராதிகா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவனை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏ தர்ஷினி, இங்க ஓடியா! ஒங்கப்பா பாடறத வந்து கேளேன். அச்சு அசலா ஆதிமூலம் மாதிரியே பாடறாரு!”